பாயின்ட் பெருசா, ஃபீஸ் பெருசா? தொழில் பயணத்துக்கு எந்த கிரெடிட் கார்டு?

காரைக்காலுக்கு வடக்கே, தரங்கம்பாடி போகிற சாலையில் கோட்டுச்சேரியை ஒட்டி இருக்கிறது வரிச்சிக்குடி. சுற்றிலும் தமிழ்நாடு, நடுவில் புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் ஒரு துண்டு. இங்கிருந்து தொழில் விஷயமாக வெளியூர் கிளம்புகிறவர் எடுத்ததும் விமானம் ஏற முடியாது. காரைக்காலில் விமான நிலையம் இல்லை. சென்னைக்கும் எர்ணாகுளத்துக்கும் ரயில் இருக்கிறது. சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு என்றால் காரில் மூன்று மணி நேரத்துக்குக் குறையாமல் போய் திருச்சியில் ஏற வேண்டும்.

ஆனால், மும்பையில் வாரம் இரண்டு முறை விமானம் ஏறுகிறவருக்கு என்ன விளம்பரம் வருகிறதோ, அதேதான் வரிச்சிக்குடிக்காரரின் போனுக்கும் வருகிறது. 'பிசினஸ் டிராவல் கார்டு, ஏர்போர்ட் லவுஞ்ச் இலவசம், செலவு செய்யச் செய்ய மைல்கள்.' போதாக்குறைக்கு மதியம் சாப்பிட உட்காரும் நேரம் பார்த்து ஒரு போன்: "சார், உங்களுக்கு கார்டு அப்ரூவ் ஆகியிருக்கு!"

யாருக்கு எந்த கார்டு லாபம் என்பதைப் பேங்க் சொல்லாது. வீட்டுக் கணக்கு நோட்டுதான் சொல்லும்.

ஒரு கடை, ஒரு கணக்கு

வரிச்சிக்குடியில் ஒரு குடும்பம், படகு இன்ஜின் உதிரி பாகமும் வலையும் கயிறும் விற்கும் கடை வைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கணவர் சரக்கு எடுக்க மாதம் ஒரு முறை சென்னை, வருடத்துக்கு நாலு முறை கொச்சி, ஒரு முறை சிங்கப்பூர் போகிறார். கணக்கு எழுதுவது மனைவி. கார்டில் போடக்கூடிய செலவு வருடத்துக்கு 6 லட்சம் ரூபாய்.

இரண்டு கார்டுகள் எதிரே இருக்கின்றன. முதல் கார்டுக்கு வருடக் கட்டணம் இல்லை. செலவில் 1 சதவீதம் திரும்ப வரும். இரண்டாவது, பளபளவென்று இருக்கும் டிராவல் கார்டு. அதில் 2 சதவீதம் மதிப்புக்குப் பாயின்ட். வருடக் கட்டணம் 5,000 ரூபாய், அதற்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேர்த்து 5,900.

மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டாவதுதான் ஜோர். 6 லட்சத்துக்கு 12,000 ரூபாய் வருகிறது. கட்டணத்தைக் கழித்தால் 6,100. முதல் கார்டில் 6,000. ஆக, விளம்பரத்தில் இரண்டு மடங்காகத் தெரிந்த லாபம் கணக்கில் வருடத்துக்கு வெறும் 100 ரூபாய் வித்தியாசம்!

கதை இன்னும் முடியவில்லை. அந்த 6 லட்சத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டும். சரக்குக்கு 2,50,000. வண்டிக்கு டீசல் 90,000. இன்ஷூரன்ஸ், கரன்ட் பில், போன் பில் 50,000. சென்னைப் பயணங்களுக்கு 70,000, கொச்சிக்கு 40,000, சிங்கப்பூருக்கு ஒரு லட்சம்.

டீசலுக்குப் பெரும்பாலான கார்டுகளில் பாயின்ட் கிடையாது. 1 சதவீத சர்சார்ஜை மட்டும் தள்ளுபடி செய்வார்கள். (காரைக்காலில் பெட்ரோல், டீசல் விலை பக்கத்துத் தமிழ்நாட்டு ஊர்களைவிடக் குறைவு. கார்டு தருவதைவிட அந்த வித்தியாசம் தருவதே அதிகம்.) இன்ஷூரன்ஸுக்கும் கரன்ட் பில்லுக்கும் பல கார்டுகள் பாயின்ட்டைக் குறைத்துவிட்டன, சிலவற்றில் உச்சவரம்பு, சிலவற்றில் சுத்தமாக இல்லை. வாடகை, வாலட்டில் பணம் ஏற்றுவது, அரசுக்குக் கட்டும் தொகை எல்லாமே பெரும்பாலும் இதே ரகம்.

சரக்கு? மொத்த வியாபாரியிடம் கார்டை நீட்டிப் பாருங்கள். "கார்டுன்னா ரெண்டு பர்சென்ட் சேரும்ணே" என்பார். கார்டு மெஷினுக்கு அவர் கட்டும் கமிஷன் அது. தன் லாபத்திலிருந்து அவர் ஏன் கொடுக்கப் போகிறார்? 2 சதவீதம் பாயின்ட் வாங்க 2 சதவீதம் கூடுதலாகக் கொடுப்பது, இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்குக் காசு மாற்றுவது மாதிரி.

இதையெல்லாம் தள்ளினால் உருப்படியாகப் பாயின்ட் தரும் செலவு 2,10,000 ரூபாய்தான் மிஞ்சுகிறது. டிராவல் கார்டில் அதற்கு 4,200 வரும், கட்டணமோ 5,900. வருடத்துக்கு 1,700 ரூபாய் நஷ்டம். கட்டணமில்லாத சாதா கார்டில் 2,100 லாபம். இரண்டுக்கும் நடுவே 3,800 ரூபாய். கடைப் பையனுக்குத் தீபாவளித் துணிமணி எடுத்துவிடலாம்.

மாதா மாதம் செலவு லட்சங்களில் ஓடி, அத்தனையும் விமானமும் ஓட்டலுமாக இருக்கிறவருக்கு இந்தக் கணக்கு தலைகீழாக மாறும். அவருக்கு 10,000 ரூபாய் கட்டணக் கார்டுகூட மலிவுதான்.

பாயின்ட் என்பது ரூபாய் அல்ல

'100 ரூபாய்க்கு 4 பாயின்ட்' என்றால் 4 சதவீதம் என்று நினைத்துக்கொள்கிறவர்கள் நிறைய. ஒரு பாயின்ட்டின் மதிப்பு 25 பைசா என்றால் அது 1 சதவீதம்தான். அதே பேங்க்கின் இன்னொரு கார்டில் 'வெறும் 2 பாயின்ட்' என்றிருக்கும். அதன் மதிப்பு ஒரு ரூபாயாக இருந்தால் அதுதான் 2 சதவீதம். கார்டு விற்க வருகிறவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, எத்தனை பாயின்ட் என்பதல்ல. "ஒரு பாயின்ட் எத்தனை பைசா, எதற்கு மாற்றினால் அந்தப் பைசா?" என்பதுதான். விமான டிக்கெட்டுக்கு மாற்றினால் ஒரு ரூபாய், ரொக்கமாகக் கழித்தால் 20 பைசா என்று ஒரே பாயின்ட்டுக்கு இரண்டு விலை இருப்பது சகஜம்.

மைல்கள் இன்னும் சிக்கல். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃப்ளையர் திட்டத்துக்குப் பாயின்ட்டை மாற்றலாம் என்பது பல டிராவல் கார்டுகளின் பெரிய கவர்ச்சி. அந்த மைல்களுக்கு நல்ல மதிப்பு கிடைப்பது சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இருக்கையில்தான். திருச்சியிலிருந்து பறப்பதோ அதன் மலிவு விலைத் தங்கையான ஸ்கூட். மைலில் போக ஆசைப்பட்டால் வரிச்சிக்குடிக்காரர் சென்னைக்குப் போய் ஏற வேண்டும். அங்கே போய்ச் சேரும் செலவு, ஒரு நாள் கூடுதல், மைலில் எடுத்தாலும் கையிலிருந்து கட்ட வேண்டிய விமான நிலைய வரிகள் எல்லாம் போக என்ன மிச்சம் என்று பார்த்தால், ஸ்கூட்டில் ஆஃபரில் எடுத்த டிக்கெட்டே தேவலாம் என்று தோன்றும். போதாததற்கு கிரிஸ்ஃப்ளையர் மைல்கள் மூன்று வருடத்தில் காலாவதி ஆகிவிடும். வருடத்துக்கு ஒரு முறை பறப்பவர் இலவச டிக்கெட்டுக்கு வேண்டிய அளவு சேர்ப்பதற்குள் பழைய மைல் கரைய ஆரம்பித்திருக்கும்.

மைல்களைச் சேர்த்தே உலகம் சுற்றியவர்களும் இருக்கிறார்கள். 1999-இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் டேவிட் ஃபிலிப்ஸ் என்ற இன்ஜினீயர், ஹெல்தி சாய்ஸ் நிறுவனத்தின் சலுகையைப் படித்துவிட்டு 12,150 கப் புட்டிங் வாங்கினார். செலவு சுமார் 3,140 டாலர். கிடைத்தது 12 லட்சத்துக்கும் மேற்பட்ட மைல்கள். லேபிளைக் கிழிக்க ஆள் வேண்டுமே என்று புட்டிங்கைத் தொண்டு நிறுவனத்துக்கே கொடுத்து, அவர்களையே கிழித்துத் தரச் சொன்னார். இந்த மாதிரி ஆசாமிகள் கோடியில் ஒருவர். மற்றவர்கள் சேர்க்கிற பாயின்ட்டில் ஒரு பகுதி மாற்றப்படாமலே போகும் என்பதும் பேங்க்கின் கணக்கில் உண்டு.

நம்பி வைத்த மைல்கள் என்ன ஆயின?

அடிக்கடி பறப்பவருக்கு மைல் கொடுக்கும் வழக்கத்தை 1981 மே மாதம் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் பெரிய அளவில் தொடங்கியது. நம் நாட்டில் அதற்குப் பின் வந்த கதையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியிருக்கிறது. ஏனென்றால், விமான நிறுவனத்தின் பெயர் போட்ட கார்டு வாங்கியவர்களுக்கு இங்கே நல்ல அனுபவம் அமையவில்லை.

கிங்ஃபிஷர் ஏர்லைன்ஸ் 2012 அக்டோபரில் பறப்பதை நிறுத்தியது. அதன் கிங் கிளப்பில் மைல் சேர்த்தவர்கள் கையில் வெறும் எண்தான் மிஞ்சியது. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17 அன்று கடைசியாகப் பறந்தது. அதன் மைல் திட்டம் தனி நிறுவனமாக நடந்ததால் முழுதாகச் சாகவில்லை. இன்டர்மைல்ஸ் என்று பெயர் மாறி உயிர் பிழைத்தது. ஆனால், ஜெட்டில் பறக்கலாம் என்று சேர்த்தவருக்கு ஜெட் இல்லை! 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட் நின்றது.

விஸ்தாராவின் முடிவு கௌரவமானது. 2024 நவம்பர் 12 அன்று அது ஏர் இந்தியாவுடன் இணைந்தது. கிளப் விஸ்தாராவில் இருந்த புள்ளிகள் ஏர் இந்தியாவின் மகாராஜா கிளப்புக்கு மாற்றப்பட்டன. ஆனால், விஸ்தாரா பெயரில் பேங்க்குகள் கொடுத்திருந்த கார்டுகளின் காலம் முடிந்தது. இவ்வளவு செலவு செய்தால் ஓர் இலவச டிக்கெட் என்ற சலுகைக்காகவே வாங்கியவர்கள் வேறு கார்டு தேட வேண்டியதாயிற்று.

விமான நிறுவனம் நன்றாக இருந்தாலும் பேங்க் விதியை மாற்றலாம். பயணப் பிரியர்கள் கொண்டாடிய ஆக்ஸிஸ் பேங்க் மேக்னஸ் கார்டு இதற்கு உதாரணம். மாதம் ஒரு லட்சம் செலவு செய்தால் 25,000 பாயின்ட் போனஸ் தந்தது. 5 பாயின்ட்டைக் கொடுத்தால் 4 மைல் கிடைத்தது. 2023 செப்டம்பர் 1 முதல் அந்த போனஸ் நின்றது. 5 பாயின்ட்டுக்கு 2 மைல் என்று ஆனது. வருடக் கட்டணம் 10,000-லிருந்து 12,500 ரூபாயாக உயர்ந்தது. சட்டப்படி இதில் தவறில்லை. விண்ணப்பத்தில் நாம் கையெழுத்துப் போடும் நிபந்தனைகளிலேயே 'சலுகைகள் மாறலாம்' என்று இருக்கிறது.

ஆகையால் பாயின்ட்டை பேங்க் டெபாசிட் மாதிரி சேர்த்து வைப்பது வீண். வெண்ணெய் மாதிரி, வெயில் வருவதற்குள் உருக்கிவிட வேண்டும். ஒரே விமான நிறுவனத்தோடு கட்டிப்போடும் கார்டைவிட, எந்த டிக்கெட்டுக்கும் கழித்துக்கொள்ள விடும் கார்டு நம் ஊர்க்காரருக்கு நல்லது. திருச்சியிலிருந்து எந்த விமானம் எந்த நாளில் இருக்கிறதோ அதில்தான் ஏறப்போகிறோம். தேர்ந்தெடுக்கும் வசதி பெருநகரத்துக்காரருக்குத்தான்.

ரயிலை மறந்துவிட்டோமே!

தொழில் பயணம் என்றதும் விமானத்தையே காட்டுவது விளம்பரங்களின் வழக்கம். நம் கடைக்காரர் வருடத்தில் மிக அதிகமாக ஏறுவது ரயில். அதற்கென்றே ஐ.ஆர்.சி.டி.சி. பெயரில் சில பேங்க்குகள் கார்டு தருகின்றன. எஸ்.பி.ஐ. கார்டில் ஐ.ஆர்.சி.டி.சி. தளத்தில் ஏசி டிக்கெட் எடுத்தால் 10 சதவீதம் வரை பாயின்ட் உண்டு. ஒரு பாயின்ட் ஒரு ரூபாய், டிக்கெட் எடுக்க மட்டுமே பயன்படும். வருடக் கட்டணம் 500 ரூபாய் அளவில். ரயிலுக்கு வருடம் 25,000 ரூபாய் செலவழிக்கிறவருக்கு 2,500 ரூபாய் வரை திரும்பும். மேலே பார்த்த பளபளப்பான கார்டு கொடுத்த நஷ்டத்தோடு இதை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

லவுஞ்ச் விஷயமும் இப்படித்தான். வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை விமானம் ஏறுகிறவர் லவுஞ்சில் சாப்பிடும் இட்லி, பொங்கலுக்காக 5,000 ரூபாய் கட்டணம் கட்டுவது நியாயமா? அதுவும் இப்போது பல கார்டுகளில், முந்தைய காலாண்டில் இவ்வளவு செலவு செய்திருந்தால்தான் லவுஞ்ச் கதவே திறக்கும்.

சிங்கப்பூரில் தேய்த்தால்

காரைக்கால் பக்கத்துக் குடும்பங்களுக்குக் கடல் தாண்டிய உறவு புதிதல்ல. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தின் தொடர்ச்சியாகப் பிரான்ஸில் ஒரு கிளை, சிங்கப்பூர், மலேசியாவில் ஒரு கிளை என்று இருக்கும் வீடுகள் இங்கே அதிகம். வியாபாரத்துக்குப் போனாலும் உறவுக்குப் போனாலும், வெளிநாட்டில் கார்டைத் தேய்க்கும்போது ஒரு செலவு சத்தமில்லாமல் சேருகிறது. அதுதான் அந்நியச் செலாவணி மார்க்கப்.

பல கார்டுகளில் இது 3.5 சதவீதம். அதன்மேல் ஜி.எஸ்.டி. சேர்ந்தால் 4.13 சதவீதம். நம் கடைக்காரர் சிங்கப்பூரில் 70,000 ரூபாய்க்குச் சமமாகச் செலவழித்தால் 2,891 ரூபாய் அதிகம் கட்டுகிறார். 2 சதவீத பாயின்ட் 1,400 ரூபாய்தான். வெளிநாட்டில் பாயின்ட் சேர்க்கிறோம் என்று நினைத்து ஏறக்குறைய 1,500 ரூபாயை விட்டுவிட்டு வருகிறார். மார்க்கப் இல்லாத கார்டுகளும், 2 சதவீதம் மட்டும் வாங்கும் கார்டுகளும் சந்தையில் இருக்கின்றன. வருடத்துக்கு ஒரு முறை வெளிநாடு போகிறவர்கூட மற்ற எந்தச் சலுகையையும்விட இதை முதலில் பார்க்கலாம்.

அங்கே கடையில் மெஷின் ஒரு கேள்வி கேட்கும்: ரூபாயில் கட்டுகிறீர்களா, சிங்கப்பூர் டாலரிலா? ரூபாய் என்றால் மனசுக்குப் பழக்கமாக இருக்கும். ஆனால், கடைக்காரர் பக்கத்து நிறுவனம் தன் இஷ்டப்படி ரேட் போடும். அந்த ஊர்ப் பணத்தையே தேர்ந்தெடுங்கள்.

கிளம்புவதற்கு முன் இன்னொரு வேலை. ரிசர்வ் வங்கி விதிப்படி 2020 அக்டோபர் முதல், புதிதாக வரும் கார்டில் வெளிநாட்டுப் பயன்பாடும் ஆன்லைன் பயன்பாடும் மூடியே இருக்கும். பேங்க் ஆப்பில் போய் நாம்தான் திறக்க வேண்டும். சாங்கி விமான நிலையத்தில் இறங்கி டாக்ஸிக்கு கார்டை நீட்டும்போது இது நினைவுக்கு வந்து பிரயோஜனமில்லை. திரும்பி வந்ததும் மூடிவிடுவது நல்ல பழக்கம்.

ரூபே கார்டு வெளிநாட்டில் டிஸ்கவர், ஜே.சி.பி. போன்ற கூட்டாளி நெட்வொர்க்குகள் வழியாக ஓடுகிறது. எல்லாக் கடையிலும் எடுபடும் என்று நம்பி அதை மட்டும் கொண்டுபோக வேண்டாம். ஊருக்குள்ளோ கதை வேறு. கார்டு மெஷின் இல்லாத கடையிலும் கியூஆர் அட்டை தொங்குகிறது. ரூபே கிரெடிட் கார்டை யு.பி.ஐ-யில் இணைத்து அங்கே செலுத்தலாம். 2022-இலிருந்து இந்த வசதி இருக்கிறது. கடைகளுக்கு மட்டும்தான், மச்சானுக்குக் கைமாத்து அனுப்ப முடியாது. உள்ளூரில் சுற்ற ஒரு ரூபே, வெளியே போக ஒரு விசா அல்லது மாஸ்டர்கார்டு என்பது கச்சிதமான ஜோடி.

இரண்டு நெட்வொர்க் வைத்திருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2021-இல் தகவல் சேமிப்பு விதியை மீறியதாக அமெரிக்கன் எக்ஸ்பிரஸ், டைனர்ஸ் கிளப், மாஸ்டர்கார்டு மூன்றும் புது வாடிக்கையாளர்களைச் சேர்க்க ரிசர்வ் வங்கி தடை போட்டது. பின்பு தடை நீங்கியது. பழைய கார்டுகள் ஓடின என்றாலும், ஒரே கூடையில் எல்லா முட்டையும் வேண்டாம் என்று பலர் யோசித்த காலம் அது.

புதுச்சேரி எண் 34, தமிழ்நாடு எண் 33

ஜி.எஸ்.டி. பதிவு வைத்திருக்கும் காரைக்கால் வியாபாரிகளுக்கு மட்டும் உரிய ஒரு சங்கதி இது. மற்ற ஊர்க் கட்டுரைகளில் கிடைக்காது.

விமான டிக்கெட் எடுக்கும்போது கடையின் ஜி.எஸ்.டி. எண்ணைக் கொடுத்தால், சாதாரண வகுப்புக்கு விதிக்கும் 5 சதவீத வரியை உள்ளீட்டு வரியாகக் கழிக்கலாம். பதிவு பெற்றவர் எந்த மாநிலத்தில் இருக்கிறாரோ அங்கேதான் அந்தச் சேவை நடந்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. அதனால், புதுச்சேரிப் பதிவுக்கு அது வந்து சேரும். ஏசி ரயில் டிக்கெட்டிலும் எண்ணைப் பதியலாம்.

ஓட்டல் அப்படி இல்லை. கட்டடம் எங்கே நிற்கிறதோ அதுதான் கணக்கு. சென்னை லாட்ஜில் போடுவது தமிழ்நாட்டு வரி. 34-இல் தொடங்கும் பதிவு எண் வைத்திருப்பவர் அதைக் கழிக்க முடியாது. கும்பகோணத்துக் கடைக்காரருக்குக் கிடைக்கும் சலுகை வரிச்சிக்குடிக் கடைக்காரருக்கு இல்லை. 'எங்கள் ஓட்டல் புக்கிங்கில் ஜி.எஸ்.டி. மிச்சம்' என்று கார்டு விற்பவர் சொன்னால் இதை நினைவில் வையுங்கள். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு இரண்டுமே கிடையாது.

பிசினஸ் கார்டு என்று தனியாக வாங்குவதில் உண்மையான லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. வீட்டுச் செலவும் கடைச் செலவும் ஒரே பில்லில் கலக்காது. கணக்கு எழுதும் மனைவி மாதக் கடைசியில், "என்னங்க, இந்த 3,400 கடைக்கா, உங்க அக்கா வீட்டு வளைகாப்புக்கா?" என்று கேட்க வேண்டியிருக்காது. கார்டு வைத்திருப்பவர் நினைவில் கொள்ள வேண்டியது: வருடத்தில் 10 லட்சத்துக்கு மேல் கார்டு பில் கட்டினால் அந்தத் தகவல் வருமான வரித் துறைக்குப் போகும். காட்டும் வருமானத்துக்கும் கட்டும் பில்லுக்கும் பொருத்தம் இருக்க வேண்டும்.

பெயரில் பிசினஸ் என்று இருப்பதால் கடன் கடையோடு நின்றுவிடும் என்று எண்ண வேண்டாம். தனி ஒருவர் பெயரில் நடக்கும் கடைக்குச் சட்டத்தின் பார்வையில் கடை வேறு, முதலாளி வேறு இல்லை. பில் கட்டத் தவறினால் சொந்த கிரெடிட் ஸ்கோர் விழும். நாளைக்கு மகள் படிப்புக்குக் கடன் கேட்டுப் போகும்போது பேங்க் மேனேஜர் திரையில் தெரிவது அதுதான்.

வட்டிக்கு முன்னால் பாயின்ட் தூசு

கார்டு பாக்கிக்கு மாதம் 3.5 முதல் 3.75 சதவீதம் வரை வட்டி சாதாரணம். வருடத்துக்கு 45 சதவீதம் வரை. 30 சதவீதத்துக்கு மேல் வாங்குவது முறையற்றது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் தீர்ப்பளித்திருந்தது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஆகவே, அந்தக் கூரையும் இப்போது இல்லை.

60,000 ரூபாய் பாக்கியை ஒரே ஒரு மாதம் தள்ளிப்போட்டால் 3.75 சதவீதத்தில் வட்டி 2,250, ஜி.எஸ்.டி. 405, மொத்தம் 2,655. அந்த 60,000 செலவுக்குக் கிடைத்த பாயின்ட் 1,200 ரூபாய். மினிமம் தொகை மட்டும் கட்டினால் அடுத்து வாங்கும் பொருளுக்கும் முதல் நாளிலிருந்தே வட்டி ஓடும். மீன்பிடித் தடைக்காலத்தில் கடையில் வியாபாரம் படுத்துவிடும். அந்த இரண்டு மாதத்துக்கு முன்பு கார்டில் பெரிய தொகை ஏற்றாமல் இருப்பது உத்தமம். ஏ.டி.எம்-மில் கிரெடிட் கார்டு போட்டுப் பணம் எடுப்பது இதைவிட மோசம். எடுத்த நிமிடத்திலிருந்து வட்டி, அதற்கு மேல் கட்டணம்.

முழுத் தொகையையும் தவணைக்குள் கட்டுகிறவருக்கு பாயின்ட்டைவிட மதிப்பானது, வட்டியில்லாமல் கிடைக்கும் 45 நாள்தான். 50,000 ரூபாயை 12 சதவீதத்தில் 45 நாளைக்குக் கடன் வாங்கினால் வட்டி சுமார் 740 ரூபாய் ஆகும். மொத்த வியாபாரி கேட்கும் 2 சதவீதம் 1,000 ரூபாய். பேங்க்கில் ஓ.டி. வசதி இருப்பவர் கார்டில் சரக்கு எடுக்க வேண்டியதில்லை. ஃபைனான்ஸில் 24 சதவீதத்துக்கு வாங்குகிறவருக்கோ அதே 45 நாளுக்கு 1,480 ஆகும். அவருக்கு அந்த 1,000 தேவலாம். பில் தேதிக்கு மறுநாள் வாங்கினால் கெடு நீளும். கடையில் வசூல் வரும் தேதிக்கு ஏற்றபடி பில் தேதியை மாற்றிக் கேட்கும் உரிமையும் ரிசர்வ் வங்கி விதியில் இருக்கிறது.

ஸ்கோரே இல்லாத புதுக் கடைக்காரர்கள் ஃபிக்ஸட் டெபாசிட்டை ஈடு வைத்து கார்டு வாங்கலாம். டெபாசிட்டுக்கு வட்டியும் வரும், ஒழுங்காகக் கட்டினால் ஸ்கோரும் ஏறும். மனைவிக்கோ கடைப் பையனுக்கோ ஆட்-ஆன் கார்டு வாங்கினால் ஆப்பில் தனித்தனி வரம்பு வைக்க முடிகிறதா என்று பாருங்கள். அவர்கள் செலவழிப்பதற்கும் பொறுப்பு முதல் கார்டுக்காரர்தான். சில கார்டுகளில் விமான விபத்துக் காப்பீடு இருக்கிறது; டிக்கெட்டை அதே கார்டில் எடுத்திருக்க வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகளோடு. நாமினி பெயரைப் பதிந்து, வீட்டிலும் சொல்லி வையுங்கள். அப்படி ஒன்று இருப்பதே குடும்பத்துக்குத் தெரியாவிட்டால் யார் போய்க் கேட்பது?

'உங்கள் பாயின்ட் இன்று காலாவதி'

இப்படி ஒரு மெசேஜ் வந்தால், அதிலும் லிங்க்கோ இன்ஸ்டால் செய்யச் சொல்லும் ஃபைலோ இருந்தால், தொடவே வேண்டாம். பாயின்ட்டைப் பணமாக்கித் தருகிறோம் என்று சொல்லி ஓ.டி.பி. பறிக்கும் கும்பலின் வேலை இது. பாயின்ட்டைப் பார்க்க பேங்க் ஆப்பைத் தவிர வேறு வழி தேட வேண்டியதில்லை. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு உட்காராமல் உடனே பேங்க்கில் கார்டை முடக்கி, 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். நம் தவறில்லாமல் வெளியார் மோசடியால் போன பணத்தை மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பில்லை என்பது ரிசர்வ் வங்கியின் 2017 உத்தரவு. ஓ.டி.பி-யை நாமே கொடுத்திருந்தால், பேங்க்குக்குச் சொல்லும் நிமிடம் வரை போனது நம் தலையில்தான்.

கேட்காமல் வந்த கார்டை ஆக்டிவேட் செய்யாமல் விட்டுவிடலாம். 30 நாளாகியும் ஆக்டிவேட் ஆகாத கார்டுக்கு பேங்க் ஓ.டி.பி. மூலம் சம்மதம் கேட்க வேண்டும். நாம் சம்மதிக்காவிட்டால் கட்டணமில்லாமல் அதை மூட வேண்டும். ஏற்கெனவே வாங்கி, கணக்குப் பார்த்தபின் வேண்டாம் என்று முடிவெடுத்த கார்டு என்றால், முதலில் மிச்சப் பாயின்ட்டை மாற்றிக்கொள்ளுங்கள். பாக்கியை முழுதாகக் கட்டுங்கள். பிறகு மூடச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். பாக்கி எதுவும் இல்லாத நிலையில் ஏழு வேலை நாளுக்குள் மூடாவிட்டால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாய் பேங்க் உங்களுக்குத் தர வேண்டும். அடுத்த வருடக் கட்டணம் விழும் மாதத்துக்கு ஒரு மாதம் முன்பே இதைச் செய்துவிட்டால் அந்த 5,900 ரூபாய் கடைக் கல்லாவிலேயே இருக்கும்.